அட்டையில் ஒரு சொட்டு

பால் பவுடர் தொழிற்சாலையின் வாசலில் லாரிகளுக்கு நல்ல வரவேற்பு உண்டு. வண்டி வந்து நின்றதும் அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையைத் தள்ளிவிடுவார்கள். முதல் தடவை வருகிறவர்கள் ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்றுகூட நினைத்துக்கொள்வதுண்டு. காகிதங்களைச் சரிபார்த்து முடித்ததும் அட்டையை வெளியே இழுப்பார்கள். சுத்தமாக இருந்தால் வண்டி உள்ளே போகலாம். ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விழுந்திருந்தாலும் வந்த வழியே போகலாம். உள்ளே பச்சைக் குழந்தைகள் குடிக்கிற பவுடர் தயாராகிறது. லாரிகள் தங்கள் அழுக்கைத் தங்களோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கட்சி.

அன்றைக்கு மாப்பிள்ளையின் லாரிக்கு அடியிலிருந்து வந்த அட்டையை, வாசல் மேற்பார்வைக்கு இருந்த மேடம் அவருடைய முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நடுவில் கறுப்பாக ஒரு வட்டம்.

"இது என்ன?"

"தண்ணியா இருக்கும் மேடம். வர்ற வழியில மழை."

மேடம் அதை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். கியர் ஆயிலின் நாற்றம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அழுகின முட்டையைப் பழைய டயருக்குள் வைத்துக் கொளுத்தினால் ஏறக்குறைய அந்த வாசனை கிடைக்கும்.

"நீங்க வர்ற வழியில மழை ரொம்ப நாத்தமா பெய்யும் போலிருக்கு," என்றார் மேடம். "இதப் பாருங்க. சரி பண்ணிட்டோம், சரி பண்ணிட்டோம்னு நீங்களும் ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க, அதுவும் ஒவ்வொரு தடவையும் சொட்டுது. இதுதான் கடைசி. இனிமே ஒரு சொட்டு விழுந்தா உங்க கேட் பாஸை வாங்கி வச்சுக்குவேன். உங்க இடத்துக்கு வெளியே எத்தனையோ பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

மாப்பிள்ளை கொண்டுவந்த சர்க்கரை மூட்டைகளைச் சாலையோரத்தில் வைத்தே இன்னொரு லாரிக்கு மாற்றினார்கள். தன் தட்டிலிருந்த சோற்றை அடுத்தவன் தட்டுக்குத் தள்ளுவதைப் பார்க்கிறவரைப் போல அவர் ஓரமாக நின்றார். நிஜமாகவே அது அவருடைய சோறுதான். இருப்பது ஒரு பழைய லாரி, அதற்கு இருப்பது இந்த ஒரு வாசல். பாஸ் போனால் லாரியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஐம்பதை நெருங்குகிற வயதில் யாராவது ஒரு பொடியனின் வண்டிக்குச் சம்பள டிரைவராகப் போக வேண்டும்.

அவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. லைசென்சைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலையில்லை. பட்டறைத் தெருவில் மெக்கானிக் ஒருவர் அவரை "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று ஏழு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் டீக்கடைக்காரர், டயர்க்காரர், பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிறவர் எல்லாருக்குமே அவர் மாப்பிள்ளையாகிவிட்டார். அந்த மெக்கானிக்தான் அவருடைய மனைவியின் அண்ணன். அதனால் அவருக்கு மச்சான்.

மச்சான் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவர். தங்கை புருஷனின் வண்டிக்கு வேலை செய்ய இன்றுவரை கைநீட்டிக் கூலி வாங்கியதில்லை. இலவசமாக வேலை செய்கிறவரிடம் வேலை சரியில்லை என்று எப்படிச் சொல்வது? அங்கேதான் மாப்பிள்ளையின் தலையெழுத்து மாட்டிக்கொண்டது.

கசிகிற இடம் எல்லாருக்கும் தெரிந்த இடம்தான். லாரியின் பின்பக்க அச்சுக்கு நடுவே இரும்புக் குடம் மாதிரி ஒன்று தொங்கும். எஞ்சினிலிருந்து வருகிற நீளமான ஷாஃப்ட் அதற்குள் நுழைந்து, உள்ளேயிருக்கும் பல்சக்கரங்களைச் சுற்றி, இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஓடவைக்கும். பட்டறையில் அதற்குக் கிரவுன் என்று பெயர். பல்சக்கரங்கள் ஆயிலில் ஊறிக்கிடக்கும். ஷாஃப்ட் நுழைகிற வாயில் அந்த ஆயில் வெளியே வராமல் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதுதான் சீல். மாப்பிள்ளையின் வண்டி அந்தச் சீல் வழியாகத்தான் சொட்டியது.

சொட்டினால் சீலை மாற்ற வேண்டும். மச்சான் மாற்றினார். மறுபடி சொட்டியது. "கடைக்காரன் டூப்ளிகேட்டைக் குடுத்து ஏமாத்திட்டான்," என்றார். ஒரிஜினல் வாங்கிப் போட்டார். சொட்டியது. "ஆயில் தண்ணி மாதிரி மெல்லிசா இருக்கு. கெட்டியா ஊத்தணும்." கெட்டியாக ஊற்றினார்கள். சொட்டியது. "இவ்வளவு கெட்டியா ஊத்தினா அது சீலைத் தள்ளத்தான் செய்யும்," என்றார், அதை ஊற்றச் சொன்னது வேறு யாரோ என்பது போல. அதன்பிறகு மாப்பிள்ளை கிளட்ச்சை விடுகிற விதம் குற்றவாளியானது. பாரம் ஏற்றுகிறவர்கள் குற்றவாளிகளானார்கள். சாலை போட்டவர்களைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசினார். அந்தப் பட்டியலில் கடைசிவரை இடம் பிடிக்காதவர் ஒரே ஒருவர்தான். அவர் கையில் ஸ்பேனர் இருந்தது.

மச்சானுக்கு ஒரு கொள்கை உண்டு. சூடான வண்டியைத் தொடமாட்டார். "சூட்டோட சூடா வண்டிக்கு அடியில பூர்றவன் மெக்கானிக் இல்ல, அவசரக்குடுக்கை," என்பார். சாயங்காலம் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட வேண்டும். மறுநாள் காலையில், இரும்பெல்லாம் குளிர்ந்து கிடக்கும்போது, துவைத்த துணியைக் கீழே விரித்து, அதன்மேல் படுத்து, அலுங்காமல் நலுங்காமல் வேலை செய்வார். செய்த வேலையில் கைசுத்தம் தெரியும். எந்த மரையில் எதை முடுக்கினாலும் குழாய் வேலைக்காரர்கள் சுற்றுகிற வெள்ளை டேப்பை அழகாக மூன்று சுற்று சுற்றித்தான் முடுக்குவார். தெருவில் வேறு எவனுக்கும் அந்தப் பொறுமை கிடையாது. கசிவுக்கும் அந்தப் பொறுமை பிடித்துப் போயிருக்க வேண்டும், விட்டுப் போகவே மாட்டேன் என்றது.

வேறு பட்டறைக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். கேட்பவர்களுக்கு மனைவியின் அண்ணன் மெக்கானிக்காக இல்லை என்று அர்த்தம். மாப்பிள்ளை ஒரு தடவை, கொட்டுகிற மழையில், வழியில் இருந்த ஒரு கடையில் வைப்பர் மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் செய்த பாவம். மச்சான் அதைப் பார்த்தார். அடுத்த தடவை வீட்டுக்கு வந்தவர், தங்கை கொண்டுவந்த தண்ணீரைத் தொடவில்லை. "அந்த வைப்பர்க்காரரைக் கூப்பிட்டுக் குடும்மா, அவர்தானே இப்ப சொந்தக்காரர்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு வீட்டில் சமையல் நடந்தது, துணி துவைத்தாயிற்று, பேச்சு மட்டும் நடக்கவில்லை. ஒரு வைப்பருக்கே இந்தப் பாடு என்றால், கிரவுனைக் கழற்றி வேறொருவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிற தைரியம் மாப்பிள்ளைக்கு இல்லை.

மேடம் கடைசி எச்சரிக்கை கொடுத்த அன்று வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"மறுபடியுமா?"

"ம்."

"அண்ணன்கிட்ட சொல்லுங்க. பார்த்துக் குடுப்பாரு."

"பார்த்துக் குடுத்ததுதான் சொட்டுது."

"அண்ணன் கை வச்ச வண்டி இந்தத் தெருவுல எத்தனை ஓடுது தெரியுமா உங்களுக்கு?"

"எல்லாம் ஓடுது. என்னோடதும் ஓடுது. சொட்டிக்கிட்டே ஓடுது."

"அவருக்கு நாலு நாளா முதுகு வலி. அதோட படுத்து எழுந்து உங்களுக்குச் செஞ்சு குடுக்கிறாரு. அதை நினைச்சுப் பாருங்க முதல்ல."

அவர் முதலில் அதைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கே தெரியும். பாஸ் போய்விடும் என்பதை இரண்டாவதாக நினைத்துக்கொள்ளலாம். வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

பாஸ் விஷயத்தைக் கேட்டு மச்சானுக்கும் நெஞ்சு அடைத்துத்தான் போனது. இந்தத் தடவை விளையாட்டு இல்லை என்று மறுநாள் விடியற்காலையிலேயே வேலையை ஆரம்பித்தார். இருப்பதிலேயே தடித்த சீலாகத் தேடி வாங்கினார். அதைச் சுற்றிப் பசை தடவி, காயவிட்டு, மேலே இன்னொரு பூச்சு பூசினார். முன்பக்கம் ஒரு தகடும் வெட்டி வைத்து முடுக்கினார். முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, கையைத் துடைத்தபடி சொன்னார்.

"மாப்பிள்ளை, இனிமே இந்தப் பக்கமா ஒரு சொட்டு வராது. நான் எழுதித் தர்றேன்."

அவர் சொன்னது அப்படியே பலித்தது. அந்தப் பக்கமாக வரவில்லை.

சர்க்கரை ஆலையிலிருந்து பால் பவுடர் தொழிற்சாலைக்குப் போக ஒரு மலையை ஏறி இறங்க வேண்டும். முழுப் பாரத்தோடு ஏறி முடிப்பதற்குள் வண்டியின் இரும்பெல்லாம் கொதித்துவிடும். மாப்பிள்ளை உச்சியில் நிறுத்தி இறங்கி, குனிந்து பார்த்தார். சீலைச் சுற்றி ஒரு ஈரம் இல்லை. காய்ந்து பளபளவென்று இருந்தது. மச்சானைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கத்தோடுதான் இறக்கத்தில் வண்டியை விட்டார்.

இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தபோது நிற்கலாமா என்று வண்டி யோசித்தது. மூன்றாவது வளைவில் யோசிக்கவே இல்லை. இடது பின்சக்கரத்திலிருந்து தீய்கிற நாற்றம் வந்தது. வண்டி வலது பக்கமாக இழுத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. மாப்பிள்ளை கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து, எப்படியோ சாலையோரத்து மண்மேட்டில் முகத்தைக் கொடுத்து வண்டியை நிறுத்தினார். நின்ற பிறகும் கால் பிரேக்கிலிருந்து வரவில்லை. காலையில் மனைவி ஏதோ வாங்கிவரச் சொன்னாள், அது என்ன என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது, ஞாபகத்துக்கு வரவில்லை. அழவில்லை, அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது.

இறங்கிப் பார்த்தார். சக்கரத்தின் உட்பக்கம் முழுக்க ஆயில். கிரவுனிலிருந்த ஆயில் முன்வாய் வழியாக வரமுடியாமல், அச்சுக்குள்ளேயே ஓடி, சக்கரத்துப் பக்கம் இருக்கிற சீல் வழியாகப் பிதுங்கி, பிரேக்குக்குள் இறங்கியிருக்கிறது. கெட்டிக்கார ஆயில். ஒரு கதவைச் சாத்தினால் அடுத்த கதவைத் தட்டிப் பார்க்கிறது. ஆனால் எதற்காக இப்படி முட்டிமோதி வெளியே ஓட வேண்டும்? உள்ளே இருந்து எது துரத்துகிறது?

வாழ்க்கையில் முதல் தடவையாக, மச்சானின் கொள்கைக்கு விரோதமாக, சூடு ஆறாத வண்டிக்கு அடியில் புகுந்தார். டார்ச் வெளிச்சத்தில் அச்சின் முதுகுப் பக்கம் ஒரு போல்ட் தெரிந்தது. சுற்றிலும் எல்லாம் வருடக்கணக்கான சேறு, துரு, மசி. அது மட்டும் புதுசாக மின்னியது. அதன் கழுத்தில் வெள்ளை டேப், அழகாக மூன்று சுற்று.

ஸ்பேனரை மாட்டி அரைச் சுற்றுத் திருப்பினார். புஸ் என்று கிளம்பிய சத்தம், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரில் வெயிட்டைத் தூக்கின மாதிரி, நிற்காமல் வந்தது. சூடான ஆயில் சாரல் முகத்தில் அடித்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே படுத்திருந்து, அந்தக் காற்று போய் முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், முகத்தில் ஆயில் அடித்தால் போதும். வண்டி ஓட ஓட உள்ளே சூடாகும். சூடானால் உள்ளேயிருக்கும் காற்று உப்பும். அது வெளியே போகத்தான் வண்டியைச் செய்தவர்கள் முதுகில் ஒரு சின்ன ஓட்டை வைத்து, அதற்குக் காற்று மட்டும் போகிற மாதிரி ஒரு மூடியும் போட்டுவிட்டிருக்கிறார்கள். ஓட்டை அடைபட்டால் காற்று ஆயிலை நெட்டித் தள்ளும். ஆயில் எந்த இடம் இளப்பமோ அந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். நூறு சீல் மாற்றினாலும் அதுதான் கதி. குளிர்ந்த வண்டியில் காற்று அடங்கிக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. மச்சான் குளிர்ந்த வண்டியைத்தான் தொடுவார்.

அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. போன வருஷம், கிரீஸ் வைக்க விட்டிருந்த அன்று, மச்சான் சந்தோஷமாகச் சொன்னார்: "மேலே ஒரு மூடிகிட்ட லேசா எண்ணெய் வேர்த்திருந்துச்சு மாப்பிள்ளை. பிற்பாடு கசியும். அதைக் கழட்டி எறிஞ்சுட்டு ஒரு போல்ட்டைப் போட்டு நிரந்தரமா அடைச்சுட்டேன்." அன்றுவரை அந்த வண்டி ஒரு சொட்டு சொட்டியதில்லை.

போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தூசி விழாமல் ஓட்டையின் மேல் ஒரு துணியைத் தளர்வாகச் சுற்றிவிட்டு, மச்சானுக்குப் போன் செய்தார். சக்கரத்தைக் கழற்ற வேறு ஆள் அந்த மலையில் கிடையாது. மச்சான் வருவதற்குள் அவர் ஒரு பேச்சைத் தயார் செய்தார். வைப்பரில் ஆரம்பித்து, டூப்ளிகேட் கடைக்காரன், மெல்லிசு ஆயில், கெட்டி ஆயில், கிளட்ச், சாலை என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் போல்ட்டை எடுத்து மச்சானின் காலடியில் போட வேண்டும். இரண்டு மூன்று தடவை மண்மேட்டுக்குச் சொல்லியும் பார்த்தார். பிரமாதமாக வந்தது.

மச்சான் பைக்கில் பறந்து வந்தார். பின்னால் சீல், பிரேக் லைனிங், ஜாக்கி எல்லாம் கட்டியிருந்தது. வண்டி நின்ற இடத்தையும், அதற்கு அப்பால் இருந்த பள்ளத்தையும் பார்த்தார். பிறகு வழக்கமான குரலைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"இறக்கத்துல பிரேக்கை ரொம்ப மிதிக்கிறீங்க மாப்பிள்ளை. அதான் சீல் தாங்கல."

மாப்பிள்ளையின் கை சட்டைப் பைக்குப் போனது. ஆனால் சக்கரம் இன்னும் கழலவில்லை. ஒருவர் நம் சக்கரத்தைக் கழற்றி மாட்டி முடிக்கிறவரை அவரோடு சண்டை போடுவது புத்திசாலித்தனம் இல்லை. கையை வெளியே எடுத்துவிட்டார். மச்சான் கொதிக்கிற பிரேக் டிரம்மைக் கழற்றினார். விரல் சுட்டது, ஊதிக்கொண்டார், மறுபடி பிடித்தார். துணி விரிக்கவில்லை, வெறும் ஜல்லியில் மண்டியிட்டு, வலிக்கிற முதுகோடு, ஆயில் குடித்த லைனிங்கை மாற்றி, புது சீல் போட்டு, இரண்டு தடவை சரிபார்த்தார். அவர் கொள்கையை விட்டுக்கொடுத்து மாப்பிள்ளை பார்த்தது அன்றைக்குத்தான்.

முடிந்ததும், "நானும் வாசல் வரைக்கும் வர்றேன்," என்று பைக்கை லாரியின் பாரத்துக்கு மேலே ஏற்றிக் கட்டிவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இறக்கம் முழுக்க, மாப்பிள்ளை பிரேக்கை மிதித்த ஒவ்வொரு தடவையும் அவருடைய காலும் சேர்ந்து தரையை மிதித்தது. தயார் செய்த பேச்சை மாப்பிள்ளை அன்று சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்தார். மனைவியும் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

வாசலில் அட்டையைத் தள்ளினார்கள். மேடம் காகிதங்களை அவசரமில்லாமல் புரட்டினார். பிறகு அட்டையை இழுத்தார்கள். வெள்ளை. திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கமும் வெள்ளை. மேடமுக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன பண்ணினீங்க?"

"சீல் மாத்தி..."

"சீல் கதையை விடுங்க. அதைத்தான் இத்தனை மாசமா சொல்லிட்டிருக்கீங்க. போன மாசம் ஒருத்தர் சொட்டுற இடத்துல குழந்தைக்குப் போடுற டயப்பரைக் கட்டிட்டு வந்தாரு. அட்டை வெள்ளையாத்தான் இருந்துச்சு. உங்க வண்டியில என்ன கட்டியிருக்கீங்க?"

தன் லாரியை டயப்பர் கட்டின லாரியோடு சேர்த்தது மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. யோசிக்காமல் பையிலிருந்து போல்ட்டை எடுத்து நீட்டினார்.

"இதைக் கழட்டினேன் மேடம். அச்சுக்கு மேலே காத்துப் போற ஓட்டையில இருந்துச்சு. கழட்டினதும் நின்னுடுச்சு."

பக்கத்தில் நின்ற மச்சான் அந்தப் போல்ட்டைப் பார்த்தார். அதன் கழுத்தில் இருந்த வெள்ளை டேப்பைப் பார்த்தார். அவர் முகம் முழுக்க வேர்த்தது.

மேடம் போல்ட்டை வாங்கி உருட்டிப் பார்த்தார். அவருக்கு லாரிகளைப் பற்றி வேண்டிய அளவுக்கு மேலேயே தெரிந்திருந்தது.

"ஓஹோ. அட்டையில விழக் கூடாதுன்னு ஓட்டையை அடைச்சிருக்கீங்க. அடைச்சா ஆயில் பிரேக்குக்குள்ள போகும்னு தெரியாதா உங்களுக்கு? உள்ளே எத்தனை பேர் நடமாடுற இடம் இது. சொட்டுற வண்டியைக்கூட மன்னிக்கலாம். எங்களை ஏமாத்துறதுக்காக வண்டியோட மூச்சை அடைக்கிற ஆளை உள்ளே விட மாட்டேன். பாஸை எடுங்க."

"நான் அடைக்கல மேடம்."

"உங்க வண்டி. நீங்க அடைக்காம வேற யாரு அடைச்சா?"

மண்மேட்டுக்குச் சொன்ன பேச்சுக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்காது. ஒரு விரலை நீட்டினால் போதும். ஆள் பக்கத்திலேயே நிற்கிறார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார். ஊதிக்கொண்டே டிரம்மைப் பிடித்த விரல்கள் கண்ணில் பட்டன. தண்ணீர்ச் செம்போடு நிற்கிற மனைவியின் முகம் எங்கிருந்தோ வந்து நின்றது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. இப்படி ஒரு அசடாக ஆண்டவன் தன்னைப் படைத்துவிட்டானே என்று அவருக்கு அவர் மேலேயே எரிச்சல் வந்தது. கை தானாகப் பாஸைத் தேடிப் போனது.

"அடைச்சது நான்," என்றார் மச்சான்.

மேடம் திரும்பினார். "நீங்க யாரு?"

"மெக்கானிக். அவர் சம்சாரத்தோட அண்ணன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. எண்ணெய் வேர்க்குதுன்னு நான்தான் மூடியைக் கழட்டிட்டு இதைப் போட்டேன். கசியறது எல்லாம் நான் பண்ணின வேலை." இரண்டு கண்ணும் நிறைந்திருந்தன. ஆனால் மச்சான் மச்சான்தான். "ஒண்ணு மட்டும் பாருங்க மேடம். அடைச்சது தப்பு, ஒத்துக்கிறேன். அடைச்ச விதத்துல தப்பு சொல்ல முடியாது. ஒரு வருஷமா காத்துகூட வெளியே போகல."

மேடம் அவரைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு போல்ட்டை மேசை மேல் வைத்தார்.

"சரி. வண்டி உள்ளே போகலாம். அந்த ஓட்டைக்குச் சரியான மூடி வாங்கிப் போடுங்க. ஆனா ஒரு நிபந்தனை. இனிமே இவர் இந்த வண்டியில கை..."

"சரி மேடம்," என்றார் மாப்பிள்ளை.

"...வைக்கக் கூடாது," என்று மேடம் முடித்தார்.

மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. காலி லாரி துள்ளிக்கொண்டு போனது. பாஸ் பையில் பத்திரமாக இருந்தது. மாசக்கணக்காக எதைக் கேட்கத் தைரியமில்லாமல் இருந்தாரோ, அதைத் தொழிற்சாலையே உத்தரவாகப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. அப்படி இருப்பது அசிங்கமாகவும் இருந்தது.

மனைவி போன் செய்தாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க ஆச்சு? பாஸ் இருக்கா?"

"இருக்கு. உன் அண்ணன்தான் காப்பாத்திக் குடுத்தாரு."

"நான் சொல்லல?" என்றாள் அவள். குரலில் அப்படி ஒரு பெருமை. "சும்மா அவரைக் குறை சொல்லிக்கிட்டே இருந்தீங்க. அண்ணனைச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க."

போனை வைத்தபிறகு மச்சான் சுட்ட விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மலை அடிவாரம் வந்தது. ஏற்றத்துக்கு மாப்பிள்ளை கியரைக் குறைத்தபோதுதான், முன்னாலிருந்த சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த அம்மா சொல்லி முடிக்கிறதுக்குள்ள சரின்னுட்டீங்களே மாப்பிள்ளை. கொஞ்சம் யோசிக்கிற மாதிரியாவது நடிச்சிருக்கலாம்."